சினிமா மார்க்கெட்டிங் கத்துக்கச் சென்னை வரலாமா? மூணு மாசம் சம்பளம் கிடையாதுன்னு சொல்றாங்க

சிவகாசி_ஆஃப்செட்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 23, ஊர் சிவகாசி. பி.காம். முடிச்சிட்டு ரெண்டு வருஷமா ஒரு ஆஃப்செட் பிரஸ்ல கணக்கு எழுதுறேன். அப்பா அதே பிரஸ்ல மெஷின்ல நிக்கிறவர். சின்ன வயசுல லீவு நாள்ல அவருக்குத் தூக்குல சோறு கொண்டு போவேன். நாலு ஷீட்டா அடிச்சு வர்ற போஸ்டரைத் தரையில விரிச்சு, ஒரு ஷீட்ல இருக்கிற கண்ணும் பக்கத்து ஷீட்ல இருக்கிற மூக்கும் சரியா சேருதான்னு பார்ப்பாங்க. ஊர்ல யாருக்கும் தெரியுறதுக்கு முன்னாடி ரிலீஸ் தேதி எனக்குத் தெரிஞ்சிரும். சினிமா ஆசை அங்க தொடங்குனதுதான். நடிக்கணும், டைரக்ட் பண்ணணும்னு ஒருநாளும் தோணுனதில்ல. படத்தை ஜனங்ககிட்ட கொண்டு சேர்க்கிற வேலைதான் வேணும்.

காலேஜ் நாள்ல இருந்து ஒரு மீம் பக்கம் நடத்துறேன். இப்ப 38,000 பேர் இருக்காங்க. பாதிக்கு மேல மதுரை, விருதுநகர், ராஜபாளையம் பக்கத்துப் பசங்க.

போன மாசம் ரெண்டு அழைப்பு வந்துச்சு. வடபழனியில ஒரு டிஜிட்டல் ஏஜென்சி, பெரிய படங்களுக்கு வேலை செய்றவங்க, மூணு மாசம் இன்டர்ன்ஷிப் வாங்கன்னு கூப்பிடுறாங்க. சம்பளம் கிடையாது, "அனுபவம் கிடைக்கும், ஆளுங்க பழக்கம் கிடைக்கும்"னு சொன்னாங்க. இன்னொருத்தர் ஒரு படத்தோட ப்ரமோஷன் ஆளு. ஒரு போஸ்ட்டுக்கு 500 ரூபா, மொத்தம் 20 போஸ்ட். ஆனா காசு வாங்குனது தெரியக் கூடாதாம், நானே படத்தைப் பார்த்து ரசிச்சு எழுதுன மாதிரி இருக்கணுமாம்.

கையில சேர்த்து வச்சது 64,000 ரூபா. தங்கச்சி காலேஜ் ரெண்டாவது வருஷம். மாமா எம்.பி.ஏ. படின்னு சொல்றார். இந்தத் துறையில இருக்கிறவங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க. சம்பளம் இல்லாம போகலாமா? எம்.பி.ஏ. வேணுமா? அந்த 10,000 ரூபாயை வாங்கலாமா?

*

சாலிகிராமம்_மாடிவீடு:

நான் போஸ்டர் டிசைனர். 2016ல தேனியில இருந்து வந்தேன். காசு விஷயம் மட்டும் சொல்றேன், மத்ததைப் பெரியவங்க சொல்வாங்க.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாலு பேர் தங்குற ரூம்ல ஒரு கட்டிலுக்கு நான் இப்ப கொடுக்கிறது 4,500. அட்வான்ஸ் தனி. சாப்பாடு, பஸ், டீ, போன் எல்லாம் சேர்த்தா எவ்வளவு சிக்கனமா இருந்தாலும் மாசம் 12,000க்குக் கீழ வராது. மூணு மாசத்துல உங்க சேமிப்பு பாதிக்கு மேல கரைஞ்சிரும். நாலாவது மாசம் வேலை கொடுப்பேன்னு அவங்க எழுதிக் கொடுத்தாங்களா? இல்லைன்னா ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாவது கேளுங்க. நான் கேட்டப்ப 6,000 கொடுத்தாங்க. கேட்காம இருந்த என் ரூம் நண்பனுக்கு ஒண்ணுமே கொடுக்கல. ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதான் உட்கார்ந்தோம்.

*

வியாழன்_ராத்திரி:

தம்பி, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். கண்ணும் மூக்கும் சேருதான்னு பார்க்கிறதை எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்காகவே உட்கார்ந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் 2007ல ஒரு பிஆர்ஓ, அதாவது படத்துக்கான பத்திரிகைத் தொடர்பாளர் கிட்ட உதவியாளரா சேர்ந்தேன். அப்ப என் வேலை, ஸ்டில்ஸ் இருக்கிற சிடியையும் பிரஸ் நோட்டையும் கவர்ல போட்டு, வடபழனியில பஸ் ஏறி, வேப்பேரி தினத்தந்தி ஆபீஸ், அண்ணா சாலை விகடன் ஆபீஸ்னு ஒவ்வொரு இடமா கொண்டு போய்க் கொடுக்கிறது. ரிசப்ஷன்ல வச்சிட்டு வந்திரலாம். ஆனா எங்க சார் விடமாட்டார். "யார் கையில கொடுத்த, அவர் என்ன கேட்டார்"னு சாயங்காலம் கேட்பார். வெள்ளிக்கிழமை சினிமா இணைப்புக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பக்கம் முடிப்பாங்க, எந்த உதவி ஆசிரியருக்கு எந்த மாதிரி படம் பிடிக்கும், இதெல்லாம் அப்படித்தான் தெரிஞ்சுது.

அந்த வேலைக்கு ஒரு பரம்பரை இருக்கு. 1958ல 'நாடோடி மன்னன்' படத்தோட ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு போய்க் கொடுத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஐயாதான் தமிழ் சினிமாவோட முதல் பிஆர்ஓ. அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி 'சந்திரலேகா'வுக்கு, அதைத் தயாரிச்ச ஆனந்த விகடன் எஸ்.எஸ்.வாசன் செஞ்ச விளம்பரத்தைப் பார்த்து இந்தியாவே அசந்துச்சு. வாசன் பத்திரிகைக்கு வர்றதுக்கு முன்னாடி விளம்பர ஏஜென்ட்டா இருந்தவர். நம்ம தொழில்ல புதுசா வர்றவங்க இந்த ரெண்டு பேரைப் பத்தியும் தெரிஞ்சுக்காம, எல்லாம் யூடியூப்ல தொடங்குச்சுன்னு நினைக்கிறது எனக்கு வருத்தமா இருக்கும்.

2011 நவம்பர்ல 'கொலவெறி' வந்துச்சு. ரெக்கார்டிங் தியேட்டர்ல எடுத்த சாதாரண வீடியோ, ஊர் உலகமெல்லாம் போச்சு. அடுத்த வாரத்துல இருந்து எங்க ஆபீஸுக்கு வந்த ஒவ்வொரு தயாரிப்பாளரும் "அந்த மாதிரி ஒண்ணு"ன்னு கேட்டாங்க. 2016ல 'கபாலி'க்கு ஏர் ஏசியா விமானத்துல ரஜினி சார் படம் ஒட்டினதும் அதே கதை. ரெண்டு கோடியில படம் எடுத்தவர் என்கிட்ட வந்து, "எதுலயாவது ஒட்ட முடியுமா மேடம்"னு கேட்டார். அவர் மேல தப்பில்ல. வீட்டை அடமானம் வச்சவருக்கு எதைப் பிடிச்சாவது கரை சேரணும். ஆனா அவருக்கு நாம சொல்ல வேண்டிய பதில் வேற. இந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கப் போறது யார்? அவங்க எந்தத் தெருவுல இருக்காங்க? அவங்களுக்குச் சேதி யார் சொன்னா நம்புவாங்க? இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தொழில்ல எப்பவும் வேலை உண்டு. போஸ்ட் போடத் தெரிஞ்சவங்க ஊர்ல ஆயிரம் பேர்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு தையல்காரரைப் பத்தின சின்னப் படம் எங்ககிட்ட வந்துச்சு. தெரிஞ்ச முகம் ஒண்ணுகூடக் கிடையாது. விளம்பரத்துக்கு ஒதுக்குன பணம் பெரிய படத்தோட ஒரு நாள் செலவு. சுவர் போஸ்டருக்கான காசுல பாதியை எடுத்து, தையல்கடைக் கண்ணாடியில ஒட்டுற மாதிரி சின்ன ஸ்டிக்கர் அடிச்சோம். உங்க ஊர்லதான் அடிச்சோம். திருப்பூர், கோவை, ஈரோடு மூணு ஊர்லயும் எங்க பசங்க கடை கடையா ஏறி, "அண்ணே, உங்களைப் பத்தின படம்"னு சொல்லி ஒட்டினாங்க. நிறைய பேர் தங்களோட அளவு நாடாவைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஸ்டிக்கர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சாங்க. சென்னையில அந்தப் படம் ஒரு வாரம்கூட நிக்கல. திருப்பூர்ல மூணு வாரம் ஓடுச்சு. படம் போட்ட காசை எடுத்துச்சா? முழுசா இல்ல. ஆனா அந்த டைரக்டருக்கு அடுத்த படம் கிடைச்சுது, எனக்கு அது போதும்.

இப்ப என் தப்பு ஒண்ணையும் சொல்லிடறேன். 2018ல ஒரு படம். மகள் சாகப் போறது தெரிஞ்ச ஒரு அப்பாவோட கதை. அதுல காமெடி நடிகர் ஒருத்தர் அரை மணி நேரம் வருவார். டிரெய்லரைச் சிரிப்புப் படமா வெட்டலாம்னு நான்தான் சொன்னேன். டைரக்டர் வேண்டாம்னார், நான் பேசிப் பேசி ஒத்துக்க வச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல ஓப்பனிங், எங்க ஆபீஸ்ல கேக் வெட்டுனாங்க. சனிக்கிழமை மேட்னிக்கு நான் காசி தியேட்டருக்குப் போயிருந்தேன். இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல ரெண்டு குழந்தைங்களோட ஒரு அம்மா வெளிய வந்தாங்க. சின்னப் பையன் அழுதுக்கிட்டு இருந்தான். "சிரிப்புப் படம்னுதானே போட்டீங்க?"ன்னு வாசல்ல நின்ன பையன்கிட்ட கேட்டாங்க. அவனுக்கு என்ன தெரியும், பாவம். நான் நாலடி தள்ளி நின்னுக்கிட்டு இருந்தேன். ஞாயிறு காலைக் காட்சிக்குப் பாதி சீட் காலி. அழுறதுக்குத் தயாரா வந்திருந்தா கொண்டாடியிருக்க வேண்டிய படம் அது. அந்த டைரக்டரோட அடுத்த படம் வர நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் டைரக்டர் சம்மதம் இல்லாம ஒரு டிரெய்லர்கூட நான் வெளிய விட்டதில்ல.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. 2023ல இருந்து தமிழ்நாட்டுல விடியற்காலைக் காட்சிக்கு அனுமதி இல்ல, பெரிய படத்துக்கே முதல் காட்சி 9 மணிக்குத்தான். கேரளாவுல அதுக்கு முன்னாடியே போட்டுருவாங்க. நம்ம ஊர்ல டைட்டில் கார்டு வர்ற நேரத்துல பாலக்காட்டுல படம் முடிஞ்சு தீர்ப்பு எழுதியாச்சு. நீங்க படத்தைப் பத்திப் பொய் சொல்லியிருந்தா அது பகல் 11 மணி வரைக்கும்கூடத் தாங்காது.

வியாழன் ராத்திரியைப் பத்தியும் சொல்லணும், என் பேரே அதுதான். இப்பப் படம் தியேட்டருக்குப் பெட்டியில போறதில்ல. டிஜிட்டல் காப்பி முன்னாடியே போயிரும், அதைத் திறக்கிற சாவி தனியா வரும். கேடிஎம்னு சொல்வோம். ஒவ்வொரு தியேட்டருக்கும் தனிச் சாவி, இந்த நேரத்துல இருந்து இந்த நேரம் வரைக்கும்தான் செல்லும்னு கணக்கு. தயாரிப்பாளர் ஃபைனான்சியருக்கும் மத்தவங்களுக்கும் பாக்கி தீர்த்தாத்தான் சாவி கிளம்பும். அந்தப் பேச்சுவார்த்தை வியாழன் ராத்திரி முழுக்க நடக்கும். "நாளை முதல்"னு நாலு போஸ்ட் தயாரா வச்சுக்கிட்டு, போடலாமா வேண்டாமான்னு நாம போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்போம். விடியற்காலை 4 மணிக்கு "க்ளியர்"னு ஒரு வார்த்தை வரும். அந்த நேரத்துல மேனேஜர்ல இருந்து டீ வாங்கிட்டு வர்ற பையன் வரைக்கும் ஒரே குடும்பம். அதை அனுபவிச்சவங்க வேற வேலைக்குப் போறது கஷ்டம்.

அதுலயே உங்களுக்கு ஒரு பாடமும் இருக்கு. உங்க பணத்தை ரிலீசுக்கு முன்னாடி வாங்கிருங்க. படம் தோத்தாக் கொடுக்கப் பணம் இருக்காது, ஜெயிச்சா தயாரிப்பாளரைப் பார்க்கவே நேரம் கிடைக்காது. ஒரு கம்பெனியில எனக்கு வர வேண்டிய ரெண்டு லட்சத்துக்கு ஒன்றரை வருஷம் நடந்தேன். கடைசியில 70,000 வந்துச்சு. என்கிட்ட இருந்தது ஒரு வாட்ஸ்அப் "ஓகே" மட்டும். இப்பப் பாதி முன்பணம், மீதி டிரெய்லர் அன்னிக்கு, எல்லாம் கையெழுத்தோட.

உங்க பி.காம். படிப்பைச் சும்மா நினைக்காதீங்க. தியேட்டர்ல இருந்து தினசரி வர்ற வசூல் அறிக்கை, டிசிஆர்னு சொல்வோம், அதைப் படிக்கத் தெரிஞ்ச மார்க்கெட்டிங் ஆளு எங்க வட்டத்துல ரொம்பக் குறைவு. தமிழ்நாட்டை நாங்க மாவட்டக் கணக்குல பார்க்கிறதில்ல. சென்னை, என்எஸ்சி (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, சேலம், மதுரை ராமநாதபுரம், திருச்சி தஞ்சாவூர், திருநெல்வேலி கன்னியாகுமரின்னு விநியோக ஏரியாவாப் பார்ப்போம். எந்த ஏரியாவுல எந்தக் காட்சி விழுதுன்னு டிசிஆர்ல இருந்து சொல்லத் தெரிஞ்சா, மீதி இருக்கிற விளம்பரக் காசை எங்க போடணும்னு சொல்லலாம். அதைச் சொல்ற ஆளைத் தயாரிப்பாளர் பக்கத்துல உட்கார வச்சுக்குவார்.

அந்த ஏஜென்சிக்குச் சம்பளம் இல்லாமப் போக வேண்டாம். மேல சொன்ன தம்பி சொன்னது சரி. அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. உங்க ஊர்லயே ஒரு தியேட்டரை எடுத்துக்கோங்க. நாலு வெள்ளிக்கிழமை, நாலு படம். எந்தக் காட்சிக்கு எத்தனை பேர் வந்தாங்க, குடும்பமா, பசங்களா, இந்தப் படம் இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, இடைவேளையில கேன்டீன் பக்கம் என்ன பேசிக்கிட்டாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. மேனேஜர்கிட்ட முன்னாடியே அனுமதி கேட்டுருங்க. திங்கக்கிழமையும் ஒரு தடவை போங்க, திங்கக்கிழமைதான் படத்தோட நிஜ உடம்பு தெரியும். அதை ரெண்டு பக்கமா எழுதி, உங்க மீம் பக்கத்துல இருக்கிற 38,000 பேர் எந்த ஊர், என்ன வயசுங்கிற விவரத்தையும் சேர்த்து அஞ்சு ஏஜென்சிக்கு அனுப்புங்க. எனக்கும் அனுப்புங்க. என் இடத்துல புதுசா வர்றவங்களுக்கு 18,000 கொடுக்கிறேன். பெரிய சம்பளம் இல்ல, ஆனா ஒண்ணாம் தேதி வந்திரும்.

*

ப்ரோமோ_பத்துவினாடி:

அக்கா சொன்னது திரையரங்கப் படங்களின் உலகம். பொழுதுபோக்கு மார்க்கெட்டிங் அதோடு முடிவதில்லை என்பதையும் இந்தத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பதினோரு ஆண்டுகளாகத் தொலைக்காட்சி ப்ரோமோ பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு வாரத்தின் தலையெழுத்து வியாழக்கிழமை வரும் பார்க் (BARC) ரேட்டிங்கில்தான், அதாவது எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற கணக்கில்தான். சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம். எந்த சீரியலில் எந்தக் காட்சிக்கு அடுத்த விளம்பர இடைவேளையில் ஆட்கள் சேனல் மாற்றினார்கள் என்று பார்த்துவிட்டு, அன்று மாலையே அடுத்த வாரத்துக்கான ப்ரோமோவை வெட்டுவோம். பத்து, பதினைந்து வினாடிகளில் ஒரு மாமியாரின் கோபத்தையும் அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் கிடைக்கும் பயிற்சி வேறு எங்கும் கிடைக்காது. மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. வீட்டுப் பொறுப்பு இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

எம்.பி.ஏ. பற்றி. சென்னையில் பட நிறுவனத்திலோ ஏஜென்சியிலோ சேர யாரும் அதைக் கேட்பதில்லை. ஓடிடி நிறுவனங்கள், பெரிய மியூசிக் லேபிள்கள் ஆகியவற்றின் மார்க்கெட்டிங் பொறுப்புகளில் நான் பழகியவர்களில் பலர் மேலாண்மைப் படிப்புப் படித்தவர்கள். அகமதாபாத் மைக்கா மாதிரி இடங்களிலிருந்து நேரடியாக எடுக்கிறார்கள். மும்பை அலுவலகத்தோடு தினமும் பேச வேண்டியிருக்கும், அதனால் ஆங்கிலம் அவசியம், இந்தி இருந்தால் நல்லது. ஆகவே கடன் வாங்கி இப்போதே படிக்க வேண்டாம். மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போக மனம் இருந்தால் அப்போது படியுங்கள். அனுபவத்தோடு படிப்பவருக்கு வகுப்பில் சொல்வது புரியும்.

இன்னொன்று, பாட்டு உரிமை. மீம் பக்கம் நடத்துபவர்கள் இதில் அடிபடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். படம் தயாரிப்பாளருடையது என்றாலும் பாட்டு பெரும்பாலும் லேபிளுக்கு விற்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் "போடுங்க" என்று சொன்ன வீடியோவுக்கே லேபிளிடமிருந்து யூடியூபில் உரிமைக் கோரல் வரும். யாருக்கு எது சொந்தம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

*

சிவகாசி_ஆஃப்செட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க எழுதுனதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அந்தத் தையல்கடை ஸ்டிக்கர் அவருக்கு ஞாபகம் இருக்காம். பின்பக்கம் பசை சரியில்லன்னு ஒரு லாட் திரும்பி வந்துச்சுன்னு சொன்னார். அது உங்களோடதானா?

ஏஜென்சிக்குப் போன் பண்ணி ரூம் வாடகையாவது கொடுப்பீங்களான்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றோம்னாங்க.

அந்த 500 ரூபா போஸ்ட் பத்தி யாரும் சொல்லல. 10,000 ரூபா எனக்குப் பெரிய காசு. தங்கச்சி பரீட்சைக் கட்டணம் கட்டிரலாம். எல்லாப் பக்கமும் இதைத்தான் செய்றாங்க, நான் ஒருத்தன் விட்டா என்ன மாறிரும்னும் தோணுது. தப்பா?

*

வியாழன்_ராத்திரி:

அதே ஸ்டிக்கர்தான் தம்பி! அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. ரெண்டாவது லாட் அருமையா வந்துச்சு, ஈரோட்டுல ஒரு கடையில இன்னும் அது ஒட்டியிருக்கு.

10,000 பெரிய காசுதான். அதை லேசாச் சொல்ல நான் வரல. தங்கச்சி படிப்புன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் சொல்றது உங்களுக்குச் சுமையாத் தெரியலாம், இருந்தாலும் சொல்றேன். அந்த முறையில வாங்காதீங்க.

சட்டம் ஒரு பக்கம் இருக்கு. காசு வாங்கிட்டு விளம்பரம் செஞ்சா அதை மறைக்கக் கூடாதுன்னு 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் துறை தெளிவா வழிகாட்டி போட்டுருக்கு. எந்த மொழியில எழுதுறீங்களோ அந்த மொழியிலயே "விளம்பரம்"னு பார்த்ததும் தெரியுற மாதிரி போடணும். மக்களைத் தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டப்படி முதல் தடவை 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். 38,000 பேர் இருக்கிற பக்கத்தைத் தேடி யார் வரப் போறாங்கன்னு உங்ககிட்ட சொல்வாங்க. வராமலே போகலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேற.

2024ல பாருங்க, படம் வந்து மூணு நாளைக்கு ஆன்லைன் விமர்சனமே வரக் கூடாதுன்னு நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. நீதிமன்றம் தடை கொடுக்கல. சங்கத்துக்கு அந்தக் கோபம் ஏன் வந்துச்சுன்னு எனக்குப் புரியும், ஒரே ராத்திரியில படம் சாகுறதைக் கிட்ட இருந்து பார்த்தவ நான். ஆனா அந்த நிலைமைக்கு எங்க தொழிலும் ஒரு காரணம். காசு கொடுத்துப் பாராட்டு எழுத வச்சதே நாங்கதான். பாராட்டை நம்பாத ஜனம் திட்டை மட்டும் நம்ப ஆரம்பிச்சிருச்சு. இப்ப நிஜமாவே நல்ல படத்தை நான் நல்ல படம்னு சொன்னாலும், "எவ்வளவு வாங்குன?"ன்னு கமென்ட் வருது. 'லப்பர் பந்து' மாதிரி ஒரு படம் பெரிய ஆரவாரம் இல்லாம வந்து, பார்த்தவங்க வாய் வார்த்தையாலயே வாரக்கணக்குல ஓடும்போது எனக்கு ஏற்படுற நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்ல. இன்னும் அந்த வாய் வார்த்தை உயிரோட இருக்கு.

உங்க மீம் பக்கத்துல இருக்கிறவங்க உங்க ஊர்க்காரங்க. ராஜபாளையத்துல இருந்து ஒரு பையன் நீங்க சொன்னதை நம்பி, பைக்குக்குப் பெட்ரோல் போட்டு, நண்பனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பான். அந்த நம்பிக்கைதான் நீங்க என்கிட்டயோ வேற ஏஜென்சிகிட்டயோ கொண்டு வரப் போற முதலீடு. அதை 500, 500 ரூபாயாச் சில்லறை மாத்தக் கூடாது.

அவர்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க. "சார், மேல விளம்பரம்னு போடுறேன். படத்தைப் பாராட்ட மாட்டேன், ஏன்னா இன்னும் பார்க்கல. கதை எந்த ஊர்ல நடக்குது, யார் யார் இருக்காங்க, எங்க பக்கத்துல எந்தெந்த தியேட்டர்ல ஓடுதுன்னு எங்க ஊர் பாஷையில எழுதித் தர்றேன்." ஒத்துக்கிட்டார்னா தாராளமாக் காசு வாங்குங்க, அது நேர்மையான வேலை. 500 இல்ல, 1,000 கேளுங்க. தியேட்டர் பேரோட ஏரியாவுக்குத் தகுந்த மாதிரி போட்டுக் கொடுக்கிற ஆளு அவருக்குச் சென்னையில கிடைக்க மாட்டான்.

*

சிவகாசி_ஆஃப்செட்:

அக்கா, பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதுறேன். அவர் ஒத்துக்கல, "விளம்பரம்னு போட்டா யார் பார்ப்பா"ன்னு போனை வச்சிட்டார். ஆனா மூணு நாள் கழிச்சு வேற ஒரு சின்னப் படத்துல இருந்து, நான் அவர்கிட்ட சொன்னதைக் கேள்விப்பட்டுப் பேசுனாங்க. நாலு போஸ்ட், "விளம்பரம்"னு போட்டு, 3,000 ரூபா. முன்பணமா 1,500 வந்திருச்சு. ஏஜென்சி 7,000 தர்றோம்னு சொல்லியிருக்கு, முடிவு சொல்ல ஒரு மாசம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள நாலு வெள்ளிக்கிழமையை முடிக்கணும்.

நேத்து முதல் வெள்ளிக்கிழமை போனேன். சாயங்காலக் காட்சி. வாசல்ல நின்னு எண்ணுனேன், 112 பேர். அதுல 70 பேருக்கு மேல பசங்க. குடும்பமா வந்தது ஒன்பது. ஒரு கூட்டம் மட்டும் எனக்குப் புதுசா இருந்துச்சு. பட்டாசு ஆலையில வேலை பார்க்கிற ஆறு அக்காங்க, வேலை முடிஞ்சு ஆலை பஸ்ல இறங்கி நேரா வந்திருக்காங்க. கையில சாப்பாட்டுத் தூக்கு. இந்தப் படம் இருக்குன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். டிரெய்லரை ஒருத்தர்கூடப் பார்க்கல. ஸ்டேட்டஸ்ல அந்தத் தாலாட்டுப் பாட்டு வந்துச்சாம், அது இந்தப் படத்துலயான்னு பார்க்க வந்தாங்களாம். இடைவேளையில பாட்டு இன்னும் வரலையேன்னு பேசிக்கிட்டாங்க. ரெண்டாவது பாதியில அது வந்தப்ப ஆறு பேரும் சேர்ந்து பாடுனாங்க. போஸ்டர்ல ஹீரோ அரிவாளோட நிக்கிறார் அக்கா. அந்தப் பாட்டைப் பத்தியும் இல்ல, தாலாட்டுப் பாடுற அம்மா கேரக்டரும் இல்ல.

*

வியாழன்_ராத்திரி:

அரிவாளையும் தாலாட்டையும் சேர்த்துப் பார்த்தீங்களே, அந்த ரெண்டு வரியைப் பத்திரமா வச்சுக்கோங்க, உங்க ரெண்டு பக்கக் குறிப்புல அதுதான் முதல் பத்தி. திங்கக்கிழமை அதே காட்சிக்குப் போங்க. அந்த ஆறு பேர் சொல்லி ஆலையில இருந்து வேற யாராவது வந்திருக்காங்களான்னு பாருங்க. அந்தப் பாட்டை ஸ்டேட்டஸ்ல முதல்ல வச்சது யாருன்னு கேட்டீங்களா?